வேலை விண்ணப்பத்தில் வாசிக்கப்படும் சாதி

சட்டப்படிப்பை முடித்து வெளிவரும் நம் மாணவர்களோடு அமர்ந்து அவர்களுடைய தன்விவரக் குறிப்பைச் செப்பனிட்டுத் தருவது, வழக்குப் பணிகளுக்கு இடையே எங்களுக்கு வழக்கமாகிவிட்ட ஒரு வேலை. அண்மையில் அப்படி எங்களிடம் வந்தவர் தம் குடும்பத்தின் முதல் பட்டதாரி. தியாகராய நகரில் இயங்கும் சட்ட ஆலோசனை நிறுவனம் ஒன்று அவரிடம் கேட்டிருந்தவை இரண்டு: நூற்றைம்பது சொற்களில் ஒரு தன்விவரக் குறிப்பு; தொழில்முறையிலான ஒரு முகப்படம்.

படிப்பு, பயிற்சி, மாதிரி நீதிமன்றப் போட்டிகள், ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வுக் கட்டுரை என்று குறிப்பின் பெரும்பகுதி எளிதாக முடிந்தது. நான்கு வரிகளில் மட்டும் அவருடைய கை நின்றது: பள்ளியின் பெயர், தங்கிப் படித்த விடுதி, சொந்த ஊர், நிரந்தர முகவரி. “தோழர், அரசு மேல்நிலைப்பள்ளின்னு மட்டும் போட்டா போதாதா? ஆதிதிராவிடர் நலப் பள்ளின்னு முழுசா போடணுமா?” என்று கேட்டார். முகப்படம் எடுக்கச் சென்ற இடத்தில் ஸ்டுடியோக்காரர் கோட்டைக் கணினியிலேயே மாட்டிவிட்டு, “மேடம், ஃபேஸையும் கொஞ்சம் பிரைட் பண்ணிடவா?” என்று கேட்டிருக்கிறார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. வாடிக்கையாளர்கள் விரும்புவதைச் செய்து பழகியவர்.

இவ்விரு கேள்விகளும் ஒரே கேள்விதான். வேலை பெற வேண்டுமானால் உன்னில் எவ்வளவை மறைப்பாய் என்பதே அது. ‘நல்ல பயோடேட்டா எழுதுவது எப்படி’ என்று கல்லூரிகளின் வேலைவாய்ப்புப் பிரிவுகள் நடத்தும் வகுப்புகளில் இது பேசப்படுவதில்லை. எழுதுகிறவர் தம்மைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதே அவ்வகுப்புகளின் பாடம். குறிப்பைப் படிக்கிறவர் எப்படிப் படிக்கிறார், அவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதே நாம் எழுப்ப வேண்டிய கேள்வி.

பெயர்கள் மாறிய வரலாறு

தன்னை எப்பெயரால் எழுதுவது என்ற சிக்கல் சென்னைக்குப் புதிதன்று. 1893ஆம் ஆண்டு இரட்டைமலை சீனிவாசன் இந்நகரில் ‘பறையன்’ என்ற பெயரிலேயே ஓர் இதழைத் தொடங்கினார். எந்தச் சொல்லால் இழிவுபடுத்தினார்களோ அதையே முகப்பில் அச்சிட்டு, அந்தப் பெயருக்கு உரியவன் நானே என்று முன்வந்து நின்றார். 1907ஆம் ஆண்டு இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழை வெளியிட்ட அயோத்திதாசப் பண்டிதர் அப்பெயரை ஏற்க மறுத்தார். அது பிறர் சுமத்திய பெயர், நாம் பூர்வ பௌத்தர்கள், சாதிபேதமற்ற திராவிடர்கள் என்பது அவருடைய வாதம். ஒருவர் பெயரை ஏந்தினார், மற்றவர் மறுத்தார். இருவரும் கோரியது ஒன்றே: எம்மை எப்படி எழுதுவது என்று முடிவு செய்யும் உரிமை எமக்கு வேண்டும்.

1922இல் எம்.சி. ராஜா சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தின் விளைவாக, பழைய இழிபெயர்களுக்கு மாற்றாக ‘ஆதிதிராவிடர்’ என்ற பெயர் அரசு ஆவணங்களில் ஏறியது. மண்ணின் முதல் மக்கள் என்ற பெருமிதத்தோடு போராடிப் பெற்ற பெயர் அது. நூறாண்டுகளுக்குப் பின், ஒரு பள்ளியின் பெயரில் அச்சொல் இருப்பதால் ஓர் இளம் வழக்கறிஞரின் கை நிற்கிறது. சொல்லில் குற்றமில்லை. படிப்பவரின் கண்ணில் இருந்த இழிவு, புதிய சொல்லின் மேலும் வந்து படிந்துகொண்டது.

கடந்த சில ஆண்டுகளின் நிகழ்வுகளையும் இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் சக மாணவர்களால் வெட்டப்பட்ட கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், பள்ளிகளின் பெயர்களில் உள்ள சாதி அடையாளங்களை நீக்கப் பரிந்துரைத்தது. 2025 ஏப்ரல் 29 அன்று, அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் ‘காலனி’ என்ற சொல் நீக்கப்படும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். அதே ஆண்டு ஜூலையில், அரசு மாணவர் விடுதிகள் ‘சமூகநீதி விடுதிகள்’ என அழைக்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது.

இவற்றை நாம் வரவேற்கிறோம். முகவரி, பள்ளி, விடுதி ஆகியவை ஒரு தன்விவரக் குறிப்பின் மூன்று வரிகள். அந்த வரிகளிலிருந்து ஓர் அடையாளத்தை அரசு எடுத்துவிட முன்வந்திருக்கிறது. ஆனால் 1893, 1907, 1922 ஆகிய ஆண்டுகள் கற்பிக்கும் பாடத்தையும் மறக்கலாகாது. பெயரை மாற்றியதோடு நின்றுவிட்டால், புதிய பெயரைப் பழைய கண்ணால் படிக்கச் சாதிக்கு நெடுங்காலம் பிடிக்காது.

எண்கள் சொல்வது என்ன?

தனியார் துறையில் திறமை மட்டுமே பார்க்கப்படுகிறது என்போருக்கு விடையாகச் சில ஆய்வுகள் உள்ளன. சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் 2005 அக்டோபரிலிருந்து 66 வாரங்கள், ஆங்கில நாளேடுகளில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பினர். தகுதி ஒன்றே, பெயர் மட்டும் வேறு. 2007இல் வெளியான முடிவின்படி, உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட, தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகவும், முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்காகவும் இருந்தது. நேர்காணலுக்குச் செல்லும் முன்பே, ஒரு பெயரைப் படிக்கும் நொடியிலேயே இது நிகழ்ந்துவிடுகிறது.

நேர்மையாகப் பேசுவதானால் மற்றோர் ஆய்வையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அபிஜித் பானர்ஜி உள்ளிட்டோர் டெல்லிப் பகுதியில் நடத்திய இத்தகைய சோதனையில், மென்பொருள் பணிகளுக்குச் சாதிவாரியான வேறுபாடு பெரிதாகத் தென்படவில்லை. அழைப்பு மையப் பணிகளிலோ பிற்படுத்தப்பட்டோர் பெயர்களுக்குத் தெளிவான இடைவெளியும், அதைவிடக் குறைந்த அளவில் பட்டியல் சாதியினர் பெயர்களுக்கு இடைவெளியும் இருந்தன. காகிதத்தில் அளக்கத்தக்க திறன் முதன்மையாகும் இடத்தில் பெயரின் எடை குறைகிறது. பேச்சு, தோரணை, ‘பண்பு’ போன்றவை முதன்மையாகும் இடத்தில் கூடுகிறது என்று இதிலிருந்து நாம் புரிந்துகொள்ளலாம். வழக்கறிஞர் பணி இரண்டாம் வகையைச் சேர்ந்தது. கட்சிக்காரர் முன் ‘எப்படித் தோன்றுவார்’ என்ற கேள்வி அங்கே எப்போதும் உண்டு. முகப்படம் கேட்கப்படுவதும் அதற்காகவே.

இவை வடஇந்தியாவை மையமாகக் கொண்ட ஆய்வுகள், தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி இல்லையே என்று சிலர் கேட்கக்கூடும். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்குமாறு தீர்மானித்ததும், பின்னர் தந்தை பெயரின் முதலெழுத்தே நம் முன்னொட்டாக நிலைத்ததும் நம் மண்ணின் பெருமைகள். ஆனால் பெயரில் கிடைக்காத விடையை வேறு வரிகளில் தேடும் கலையை இந்நகரம் நன்கு பயின்றிருக்கிறது. “சொந்த ஊர் எது?” என்பதில் தொடங்குவார்கள். அடுத்து “ஊர்ல எந்தப் பக்கம்?”, “எந்தத் தெரு?”, “அப்பா என்ன பண்றார்?”, “சைவமா?” என்று வரிசையாக வரும். ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் நலம் விசாரிப்பு. ஐந்தும் சேர்ந்தால் சாதிச் சான்றிதழ் சரிபார்ப்பு. டெல்லிப் பகுதியின் பெரிய நிறுவனங்களைச் சேர்ந்த மனிதவள மேலாளர்கள் 25 பேரைச் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் நேர்கண்டபோது, ‘குடும்பப் பின்னணி’யை அறிவது அவசியம் என்றே அவர்களில் மிகப் பெரும்பாலோர் கூறினர். சாதியைக் கேட்பதில்லை என்பதில் அவர்களுக்கு ஐயமே இருக்கவில்லை.

குறிப்பு எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் இது முடிந்துவிடுவதில்லை என்பதற்குச் சிஸ்கோ வழக்கு சான்று. அந்நிறுவனத்தின் மீது கலிஃபோர்னியா மாநில அரசுத் துறை 2020 ஜூன் 30 அன்று வழக்குத் தொடர்ந்தது. தலித் பொறியாளர் ஒருவர் ஐஐடியில் இடஒதுக்கீட்டில் சேர்ந்தவர் என்பதை மேலாளர் சக பணியாளர்களிடம் வெளிப்படுத்தினார் என்பது அதில் சொல்லப்பட்ட முதன்மையான குற்றச்சாட்டு. மேலாளர்கள் இருவர் மீதான கோரிக்கைகள் 2023 ஏப்ரலில் திரும்பப் பெறப்பட்டன. நிறுவனத்தின் மீதான வழக்கு அதோடு முடிவடையவில்லை. ஐஐடி, சிலிக்கான் பள்ளத்தாக்கு என்று எவரும் பொறாமைப்படும் குறிப்பு அது. அவர் எழுதாத வரியை வேறொருவர் எழுதிச் சேர்த்தார் என்பதே அந்தப் புகாரின் சாரம்.

மயிலாப்பூரின் எழுதப்படாத குறிப்பு

எங்கள் தொழிலுக்கு வருவோம். இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதி 36, வழக்கறிஞர்கள் நேரடியாகவோ மறைமுகமாகவோ விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. தாம் நடத்தும் வழக்குகளையொட்டித் தம் புகைப்படங்களை வெளியிடச் செய்வதும் தடுக்கப்பட்டதே. பெயர்ப்பலகை அளவாக இருக்க வேண்டும். குறிப்பிட்ட அமைப்போடோ இலட்சியத்தோடோ தமக்குள்ள தொடர்பை அது காட்டலாகாது. 2008இல் செய்த திருத்தத்தின்படி, இணையதளத்தில் பெயர், முகவரி, தொடர்பு விவரம், பதிவு எண்ணும் நாளும், கல்வித் தகுதி, வழக்காடும் துறை ஆகியவற்றை வெளியிடலாம். 2024 ஜூலை 3 அன்று நீதியரசர்கள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு, இணையத் தளங்கள் வழியே வேலை தேடும் வழக்கறிஞர்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும் என்று உத்தரவிட்டது.

நீதி விற்பனைச் சரக்கு அன்று என்பதில் எங்களுக்கு மாறுபாடு இல்லை. ஆயினும் இவ்விதி அனைவர்க்கும் ஒன்றாக இருப்பதாலேயே அனைவரையும் ஒன்றாக நடத்துகிறது என்று கருதிவிட முடியாது. பாஷ்யம் ஐயங்கார், வி. கிருஷ்ணசாமி ஐயர், சிவசாமி ஐயர், சி.பி. ராமசாமி ஐயர், அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் என்று நீளும் பெயர்களால் மயிலாப்பூரும் லஸ்ஸும் அதன் சுற்றுப்புறமும் சென்னை வழக்கறிஞர் தொழிலின் முகவரியாயின. அவர்களுடைய அறிவாற்றலை நாம் மறுக்கவில்லை. அவர்களால் உருவான மரபு, அடுத்தடுத்த தலைமுறைகளுக்கு எழுதாமலேயே கிடைத்த தன்விவரக் குறிப்பாயிற்று என்பதைச் சுட்டுகிறோம். தாத்தாவின் பெயரும் தெருவின் பெயரும் பேசும்போது விளம்பரம் எதற்கு? அவை இல்லாத முதல் தலைமுறை வழக்கறிஞருக்கோ, வன்கொடுமை வழக்குகளில் பத்தாண்டுகள் உழைத்ததைப் பலகையில் எழுதவும் வழியில்லை.

இளநிலை வழக்கறிஞராகச் சேருவதற்கு அறிவிப்போ தேர்வோ எங்கும் கட்டாயமில்லை. பெரும்பாலான அலுவலகங்களில் ‘தெரிந்தவர்’ சொல்லியே சேருகிறார்கள். மேலே சொன்ன அதே அமர்வு, 2024 ஜூனில், சென்னை, மதுரை, கோவையில் இளநிலை வழக்கறிஞர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாயும், பிற மாவட்டங்களில் 15,000 ரூபாயும் உதவித்தொகை வழங்க வேண்டும் என்று வழிகாட்டியது. மிகவும் தேவையான உத்தரவு அது. ஆனால் அந்தத் தொகை, உள்ளே சேர்ந்தவருக்குத்தான். வாசலில் நிற்பவரின் குறிப்பு எப்படிப் படிக்கப்படுகிறது என்பதை எந்த உத்தரவும் இன்னும் தொடவில்லை.

இதன் விளைவு மேலே எதிரொலிக்கிறது. 2018 முதல் 2023 ஜூலை வரை உயர் நீதிமன்றங்களில் நியமிக்கப்பட்ட 604 நீதிபதிகளில் 458 பேர் பொதுப் பிரிவினர் என்றும், பட்டியல் சாதியினர் 18 பேர், பழங்குடியினர் 9 பேர் என்றும் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. உச்ச நீதிமன்றத்தின் முதல் தலித் நீதிபதியான அ. வரதராஜனை 1980இல் தந்தது தமிழ்நாடு. அந்த வழியில் அடுத்தடுத்து ஆட்கள் செல்ல வேண்டுமானால், இன்று யாருடைய குறிப்பு மேசைக்கு வருகிறது, யாருடையது குப்பைக்கூடைக்குப் போகிறது என்பதிலிருந்தே தொடங்க வேண்டும்.

சட்டம் எங்கே நிற்கிறது?

அரசியல் சட்டத்தின் 16ஆவது பிரிவு அரசு வேலைக்கு உரியது. தனியார் வேலையைத் தொடும் சட்டங்கள் இரண்டு. தீண்டாமையின் பேரில் ஒருவரை எந்த வேலையிலிருந்தும் விலக்குவது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் 1955இன் 4ஆவது பிரிவின்படி குற்றம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தம், தொழில் செய்வதையும் வேலையில் சேர்வதையும் தடுப்பதை 3(1)(za) பிரிவின்கீழ் குற்றமாக்கியது. மாணவர்கள் இவற்றை அறிந்துவைத்திருக்க வேண்டும்.

ஆனால் இரண்டும் குற்றவியல் சட்டங்கள். குற்றம் நிகழ்ந்தது என்பதை ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கும் சுமை அரசுத் தரப்பின் மீது விழுகிறது. நாம் தொடக்கத்தில் சொன்ன இளம் வழக்கறிஞர் இறுதியில் தம் பள்ளியின் முழுப்பெயரையும் எழுதினார். முகத்தை வெளுப்பாக்காத படத்தையே அனுப்பினார். பதில் வரவில்லை. அதற்கு வேறு காரணங்கள் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வராத ஒரு பதிலை எந்த நீதிமன்றத்தில் சான்றாவணமாகக் குறியிடுவது? தனியார் துறையின் சாதிப் பாகுபாடு பெரும்பாலும் இந்த மௌனத்தின் வடிவில்தான் இருக்கிறது.

எச்ஐவி தொற்றுடையோரை வேலையில் பாகுபடுத்துவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தனியாருக்கும் தடை செய்கிறது. திருநர் உரிமைச் சட்டம் 2019உம் தனியார் நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்கிறது. அச்சட்டங்களின் நடைமுறையில் குறைகள் உண்டு. எனினும் தனியார் முதலாளிக்கும் சமத்துவக் கடமை உண்டு என்ற கோட்பாட்டை இந்த நாடு ஏற்றுவிட்டது என்பதற்கு அவை சான்று. சாதிக்கு மட்டும் இத்தகைய உரிமையியல் சட்டம் இல்லை. 2017இல் மக்களவையில் தனிநபர் மசோதாவாகச் சசி தரூர் கொண்டுவந்த பாகுபாட்டு ஒழிப்பு மசோதா சட்டமாகவில்லை.

நாம் கோர வேண்டியவை

நம் பல்கலைக்கழகங்களில் விடைத்தாளின் முகப்பைக் கிழித்து ‘டம்மி நம்பர்’ போட்டுத் திருத்த அனுப்புகிறார்கள். திருத்துபவரை அவமதிப்பதாக எவரும் அதை எண்ணுவதில்லை. வேலை விண்ணப்பத்தின் முதற்கட்டத் தேர்வுக்கும் அதே முறை பொருந்தும். பெயர், படம், ஊர், பள்ளி ஆகியவற்றை மறைத்துத் தகுதியை மட்டும் படிக்கட்டும். கல்லூரி வளாகத்துக்குள் ஆளெடுக்க வரும் நிறுவனங்களுக்கு இதை நிபந்தனையாக்கும் அதிகாரம் வேலைவாய்ப்புப் பிரிவுகளுக்கு உண்டு. மாணவர் அமைப்புகள் இக்கோரிக்கையை உடனே எடுக்கலாம்.

மறைப்பது மட்டுமே மருந்தாகாது என்பதையும் பிரான்சின் பட்டறிவு காட்டுகிறது. ஐம்பது பேருக்கு மேல் பணிபுரியும் நிறுவனங்களுக்குப் பெயரற்ற விண்ணப்பத்தைக் கட்டாயமாக்கும் சட்டம் அங்கு 2006இல் வந்தது. நடைமுறை ஆணை வராமலே கிடந்து, 2015இல் அது விருப்பத்துக்கு விடப்பட்டது. இடையில் நடந்த சோதனையில், புலம்பெயர்ந்தோர் பின்னணி கொண்டவர்களுக்குப் பெயர் மறைத்தபோது அழைப்பு குறைந்ததும் உண்டு. தாமாக முன்வந்த நிறுவனங்கள் முன்பே அவர்களைப் பரிவோடு படித்தவை என்பதும், பின்னணி தெரியாதபோது அந்தப் பரிவுக்கு இடமில்லாமல் போனது என்பதும் ஆய்வாளர்கள் தந்த விளக்கம். ஆகவே மறைப்போடு கணக்கும் வேண்டும். எத்தனை பேர் விண்ணப்பித்தனர், எத்தனை பேர் அழைக்கப்பட்டனர், எத்தனை பேர் சேர்ந்தனர் என்பதைச் சமூகவாரியாக நிறுவனங்களும் பெரிய வழக்கறிஞர் அலுவலகங்களும் வெளியிட வேண்டும். இளநிலை வழக்கறிஞர் இடங்கள் வெளிப்படையாக அறிவிக்கப்பட வேண்டும். இவற்றுக்கெல்லாம் அடிப்படையாக, மெய்ப்பிக்கும் சுமையை உரிய கட்டத்தில் முதலாளியின் பக்கம் மாற்றும் உரிமையியல் சட்டம் வேண்டும். தொழிலாளர் நலன் பொதுப்பட்டியலில் இருப்பதால் தமிழ்நாடு சட்டமன்றமே இதைத் தொடங்கலாம். ‘காலனி’ என்ற சொல்லை நீக்க முன்வந்த அரசிடம் இதைக் கேட்பது மிகையன்று.

அதுவரை குறிப்பு எழுத அமரும் மாணவர்களுக்குச் சில சொற்கள். தனியார் வேலைக்கான விண்ணப்பத்தில் சாதியையோ, தந்தையின் தொழிலையோ, சொந்த ஊரையோ எழுத வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. எழுதாமல் விடுவது கோழைத்தனமன்று, எழுதுவது அறியாமையுமன்று. அயோத்திதாசரின் வழியும் சீனிவாசனின் வழியும் நமக்கு உரியவையே. எதைத் தேர்ந்தாலும், விளம்பரத்தின் நகல், விண்ணப்பித்த நாள், வந்த மின்னஞ்சல்கள் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். நேர்காணலில் கேட்ட கேள்விகளை அன்று மாலையே நாளிட்டு எழுதிவையுங்கள். ஒருவரின் அனுபவம் மனக்குறை. நூறு பேரின் குறிப்பேடு வழக்கு.

முகப்படத்தில் ஒளியைச் சரிசெய்யச் சொல்லுங்கள். நிறத்தைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். திருத்தப்பட வேண்டியது அந்த முகமன்று.